அப்பாவுக்குன்னு கேட்டான்

சுகாதார இலாகாவின் அமலாக்கப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

போன மாதம் உங்களில் ஒருவர் எனக்கு வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்: "சார், பதினெட்டு வயசு ஆகாதவனுக்கு சிகரெட் விக்கக் கூடாதுன்னு எல்லாக் கடைக்காரருக்கும் தெரியும். போர்டும் மாட்டியிருக்காங்க. அபராதமும் தெரியும். அப்புறம் ஏன் சார் விக்கிறாங்க?"

வேலையில் இருந்தபோது இதற்கு ஒரே சொல்லில் பதில் வைத்திருந்தேன்: பேராசை. பயிற்சி வகுப்புகளில் அந்தச் சொல்லைத் திரையில் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, வகுப்பு முழுவதையும் ஒரு சுற்று பார்ப்பேன். ஏதோ நானே கண்டுபிடித்த மருந்து மாதிரி. அது தவறான பதில் என்று தெரிந்துகொள்ள எனக்கு மலாக்காவில் இருபத்தெட்டு வருட வேலையும், அதற்குப் பிறகு பாயா ரும்புட்டில் ஒரு மளிகைக் கடையில் பன்னிரண்டு நாளும் தேவைப்பட்டன. இருபத்தெட்டு வருடத்தில் கற்றுக்கொண்டதைவிட அந்தப் பன்னிரண்டு நாளில் கற்றது அதிகம் என்று சொன்னால், என் பென்ஷனை நிறுத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

என் பெயர் ஆரோக்கியசாமி. சுகாதார இலாகாவில் சேர இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. பெயருக்கேற்ற புத்தி இருந்ததா என்பதை நீங்களே படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

வேலையில் சேர்ந்த புதிதில் ரெம்பியாவில் ஒரு கடையைக் கண்காணித்தேன். பத்திரிகை, வெற்றிலை, சிகரெட் விற்கும் சின்னக் கடை. பள்ளிக்கூடப் பையன்களுக்கு விற்கிறார் என்று புகார். எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் மூன்று நாள் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் மதியம் ஒல்லியாக, முதுகில் பையோடு ஒருவன் வந்து ஒரு பெட்டி வாங்கினான். மீசைகூட முளைக்கவில்லை. ஓடிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"எந்த ஸ்கூலுடா நீ?"

அவன் பயப்படவில்லை. மறு கையால் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, எடுத்து நீட்டினான். இருபத்து நான்கு வயது. முதுகுப் பையில் என்ன என்று மிரட்டினேன். திறந்து காட்டினான். உள்ளே கைக்குழந்தைக்கு நாப்பி.

"என் மவனுக்குண்ணே. உங்களுக்கும் வேணுமா?" என்றான்.

கடைக்காரர் சிரிக்கவே இல்லை. ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். "உக்காருங்க சார். மூணு நாளா அந்தப் பஸ் ஸ்டாப்புல உக்காந்திருக்கீங்க. எத்தனையோ பஸ் வந்திச்சி, ஒன்னுலயும் ஏறல. பாவம், வீட்டுல ஏதோ பிரச்சனைன்னு நெனச்சேன்."

அன்றைக்கே எனக்கு ஒன்று உறைத்திருக்க வேண்டும். பயிற்சி பெற்ற நானே ஒரு முகத்தைப் பார்த்து வயதை எட்டு வருடம் பிசகிச் சொல்கிறேன் என்றால், அவசரத்தில் நிற்கும் கடைக்காரர் எப்படிச் சரியாகச் சொல்வார்? அது உறைக்கவில்லை. நான் எடுத்துக்கொண்ட பாடம், இனிமேல் பஸ் நிறுத்தத்தில் உட்காரக் கூடாது, காருக்குள் உட்கார வேண்டும் என்பதுதான்.

காருக்குள் உட்கார்ந்து நான் பிடித்த ஆட்களில் ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நியாலாஸ் பக்கம், செம்பனைத் தோட்டத்துக்குப் போகும் முச்சந்தியில் ஒரு கடை. நடத்தியவர் ஐம்பது வயதுப் பெண்மணி. எல்லோருக்கும் அவர் சரசு அக்கா. பள்ளிச் சீருடை போட்ட ஒரு பையனுக்கு அவர் சிகரெட் கொடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். உள்ளே போய் அடையாள அட்டையைக் காட்டினேன். வேலை முடிந்து வந்த தோட்டத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் சாமான் வாங்க நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு அப்போதெல்லாம் கூட்டம் இருந்தால் குரல் தானாக உயரும்.

"சீருடை போட்டிருக்கான், உங்களுக்குக் கண்ணு தெரியாதா?"

"அப்பாவுக்குன்னு கேட்டான் சார்."

"ஓஹோ! அப்பாவுக்குன்னு கேட்டானா? நாளைக்குத் தாத்தாவுக்குச் சாராயம் கேட்டா அதையும் குடுப்பீங்களா?"

நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் தலையைக் குனிந்தபடி கையெழுத்துப் போட்டார். பிறகு என்னைப் பார்க்காமல் வரிசையைப் பார்த்து, "வாங்க, யாருக்கு என்னா வேணும்?" என்றார்.

அதற்குப் பிறகு எந்தப் பயிற்சி வகுப்பிலும் "அப்பாவுக்குன்னு கேட்டான் சார்" என்று அவருடைய குரலில், தலையை ஒரு பக்கம் சாய்த்து நடித்துக் காட்டாமல் நான் விட்டதில்லை. வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். என்னிடம் இருந்த ஒரே நகைச்சுவை அதுதான். வருடக்கணக்காக அதை வைத்தே பிழைத்தேன்.

ஓய்வு பெற்ற எட்டாவது மாதம் என் தங்கை பிலோமினாவின் கணவருக்கு நெஞ்சுவலி வந்தது. பாயா ரும்புட்டில் அவர்களுக்கு ஒரு மளிகைக் கடை. கடைக்குப் பக்கத்து வீட்டில் இருப்பவர் சேகர், பள்ளி வேன் ஓட்டுபவர். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்பியவர், மாப்பிள்ளை கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் அப்படியே வேனில் தூக்கிப் போட்டு மருத்துவமனைக்கு ஓட்டியிருக்கிறார். பத்து நிமிடம் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்று டாக்டர் சொன்னாராம். பிறகு கோலாலம்பூரில் ஆபரேஷன் என்று முடிவானது. தங்கை கூடவே போக வேண்டும். கடையை யார் பார்ப்பது?

"நான் பார்த்துக்கிறேன்" என்றேன்.

பிலோமினா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அண்ணே, கடைன்னா ஜனங்ககூடப் பேசணும். உங்களால முடியுமா?"

"இருபத்தெட்டு வருஷமா கடைக்காரங்ககூடப் பேசியிருக்கேன்."

"அதான் கேக்குறேன்" என்றாள்.

முதல் நாளே கடையைச் சட்டப்படி நிமிர்த்திவிட்டேன். சிகரெட் இப்போது கண்ணில் படும்படி வைக்கக் கூடாதல்லவா, அது ஏற்கனவே மூடிய அலமாரிக்குள்தான் இருந்தது. அலமாரிக்கு மேல் மூன்று மொழியில் ஓர் அறிவிப்பு ஒட்டினேன். யார் சிகரெட் கேட்டாலும் ஐசி கேட்டேன். எழுபது வயதைத் தாண்டிய ஒரு சீனப் பெரியவரிடமும் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பல்செட்டைக் கழற்றிக் காட்டினார். அதன் பிறகு அந்தப் பெரியவர் எதிரே இருந்த மினி மார்க்கெட்டுக்குப் போக ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் போனார்கள்.

நான்காம் நாள் ஒரு பையன் வந்தான். பதினைந்து வயது இருக்கும். "அங்கிள், லைட்டர் இருக்கா?" என்றான். கடையில் அப்போது ஆறேழு பேர். பழைய குரல் எனக்குத் திரும்பியது.

"உனக்கு எதுக்கு லைட்டர்? இந்த வயசுல ரோக்கோ பத்த வைக்கவா? நுரையீரல்னா என்னான்னு தெரியுமா உனக்கு?"

நுரையீரலைப் பற்றி முழுதாகச் சொல்லி முடித்துத்தான் அவனை அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அவன் அம்மா வந்தார். கையில் கேக் வெட்டுகிற கத்தி. பிளாஸ்டிக் கத்திதான், இருந்தாலும் நான் ஒரு அடி பின்னால் போனேன்.

"இன்னிக்கு எனக்குப் பொறந்த நாளு. கேக்குல மெழுகுவர்த்தி ஏத்த லைட்டர் வாங்கிட்டு வாடான்னு அனுப்பினேன். எல்லாரு முன்னாலயும் என் மவன ரோக்கோ குடிக்கிறவன்னு சொன்னீங்களாமே? வீட்டுக்கு வந்து அழுவுறான். நீங்க என்னா பெரிய ஜட்ஜா?"

மன்னிப்புக் கேட்டேன். லைட்டரை இலவசமாக நீட்டினேன். "நீங்களே வச்சிக்குங்க" என்று போய்விட்டார். மாதச் சாமான் முழுவதையும் அந்தக் கடையிலேயே வாங்கும் குடும்பம் அது. அன்று சாயங்காலம் கோலாலம்பூரிலிருந்து பிலோமினா கூப்பிட்டாள்.

"அண்ணே, இங்க இவருக்கு ஆபரேஷன் தேதி குடுத்திருக்காங்க. நான் அதுக்குப் பயப்படுறதா, கடைக்குப் பயப்படுறதா? கொஞ்சம் பதமாப் பேசுங்கண்ணே. எல்லாம் தெரிஞ்ச பிள்ளைங்கதானே."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றிலிருந்து பதமாகப் பேசினேன். பதம் என்றால், வருகிறவர்களை எல்லாம் பார்த்துச் சிரித்தேன்.

அந்த நாட்களில் எனக்கு மதியச் சாப்பாடு சேகர் வீட்டிலிருந்து வந்தது. அவர் மனைவி அடுக்குப் பாத்திரத்தில் சோறும் மீன் குழம்பும் வைத்து அனுப்புவார். கொண்டு வருவது அவர்கள் மகன் ஹரிஷ். பதினாறு வயது, நான்காம் படிவம், பூப்பந்து விளையாடுகிறவன். "சாப்பிடுங்க அங்கிள், அம்மா ஊறுகாயும் வச்சிருக்காங்க" என்பான். நல்ல பிள்ளை.

ஒன்பதாம் நாள், சனிக்கிழமை காலை. ரொட்டிக்காரர் ரொட்டியை இறக்கிவிட்டுக் கையெழுத்துக்கு நிற்கிறார். எரிவாயு சிலிண்டர் கொண்டு வந்தவர் காலி தொங் எங்கே என்று பின்னாலிருந்து கத்துகிறார். வரிசையில் ஐந்து பேர். போன் அடிக்கிறது. அன்றைக்குத்தான் மாப்பிள்ளைக்கு ஆபரேஷன், அது தங்கையாக இருக்கலாம். வரிசையில் முதல் ஆள் ஹரிஷ். முட்டை, ரொட்டி, கெட்டிப்பால் டின். எல்லாவற்றையும் பையில் போட்டேன்.

"அப்புறம் அங்கிள், அப்பாவுக்கு ஒரு பெட்டி. அவரு எப்பவும் வாங்குறது."

நான் அவனைப் பார்த்தேன்.

"அப்பா வேன்லதான் இருக்காரு அங்கிள். அங்க பாருங்க."

வாசலுக்கு வெளியே வேன் நின்றது. சேகர் ஓட்டுநர் இருக்கையில் இருந்தார். என் கண்ணைப் பார்த்ததும் கையை உயர்த்தினார்.

எனக்கு இருந்தது மூன்று விநாடி. அந்த மூன்று விநாடியில் என் மண்டைக்குள் என்னென்ன ஓடியது என்று பிறகு உட்கார்ந்து எழுதிப் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளையைச் சுமந்துபோன வேன் அது. எட்டு நாளாக நான் தின்ற மீன் குழம்பு இந்த வீட்டுடையது. கேக் வெட்டும் கத்தியோடு நின்ற அந்த அம்மா. இப்போது மாட்டேன் என்று சொன்னால், இவன் அப்பாவை நம்பவில்லை என்று ஆகிவிடும், அவரோ கண்ணெதிரே உட்கார்ந்து கையைக் காட்டுகிறார். பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். போன் நிற்கவில்லை. இவ்வளவும் இருந்தது. பேராசை எங்கே இருந்தது என்று இன்றுவரை தேடுகிறேன். ஒரு பெட்டி விற்றால் என் தங்கைக்குக் கிடைக்கும் லாபத்தில் ஒரு தே தாரே டீகூட வாங்க முடியாது. அது என் நினைவிலேயே வரவில்லை.

அலமாரியைத் திறந்தேன். எடுத்தேன். கொடுத்தேன்.

வரிசையில் ஹரிஷுக்கு அடுத்து நின்ற பெண் கையிலிருந்த தேங்காய்ப்பால் பொட்டலத்தை மேசையில் வைத்தாள். மெல்ல, "சார்…" என்றாள்.

நிமிர்ந்தேன். தர்ஷினி. நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாகப் பயிற்சி கொடுத்த அதிகாரி. சாதாரண உடையில், தலையில் ஒரு தொப்பியோடு நின்றாள். அந்தக் கடையில் நான் இருப்பது அவளுக்குத் தெரியாது. அந்த வட்டாரக் கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்தபோது, பிடிபட்டது நானா அவளா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

என் வாய் திறந்தது. பிள்ளைகளே, சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்துச் சொல்லவில்லை. அதுவாகவே வந்தது.

"அப்பாவுக்குன்னு கேட்டான்மா."

தலைகூட ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பயிற்சி வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து இந்த வாக்கியத்துக்குச் சிரித்தவள் அவள். இப்போது சிரிக்கவில்லை. அரை விநாடி, ஒரே அரை விநாடி, அவள் தேங்காய்ப்பாலை எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடுவாளா என்று நான் எதிர்பார்த்தேன். அதை ஒப்புக்கொள்ளாமல் இந்தக் கடிதத்தை எழுதிப் பிரயோஜனம் இல்லை. இருபத்தெட்டு வருடம் சட்டம் பேசியவன், தனக்கு வந்ததும் சலுகையை எதிர்பார்த்தேன்.

அவள் போகவில்லை. ஆனால் குரலையும் உயர்த்தவில்லை. ஹரிஷிடம், "தம்பி, நீங்க இப்படி வந்து உக்காருங்க" என்று உள்ளே அரிசி மூட்டைகளின் பக்கம் ஒரு ஸ்டூலைக் காட்டினாள். என்னிடம் குனிந்து, "சார், மத்தவங்கள மொதல்ல அனுப்பிடுங்க. போனையும் எடுங்க" என்றாள்.

போனில் பிலோமினா. மாப்பிள்ளையை உள்ளே கொண்டுபோய்விட்டார்களாம். "கடையில எல்லாம் சரியாண்ணே?" என்றாள். "எல்லாம் சரிம்மா" என்றேன். மற்ற மூன்று பேருக்கும் சாமான் கொடுத்து அனுப்பினேன். ஒருவருக்கு மிச்சக் காசு கூடவே கொடுத்துவிட்டேன். பிறகு தர்ஷினி கடைக் கதவைப் பாதி சாத்தினாள். காரில் இருந்த சக அதிகாரியைப் போனில் அழைத்தாள். அடையாள அட்டையை எடுத்து என்னிடம் காட்டினாள். எனக்குத் தெரியாத அட்டையா? ஆனாலும் முறைப்படி காட்டினாள்.

மகனைக் காணோமே என்று அதற்குள் சேகர் இறங்கி வந்துவிட்டார். மேசைமேல் இருந்த சிகரெட் பெட்டியைப் பார்த்தார். மகனைப் பார்த்தார்.

"யாருக்கு இது?"

நான்தான் சொன்னேன். "உங்களுக்குன்னு கேட்டான் சேகர். நீங்களும் கையக் காட்டினீங்களே."

"நான் வணக்கம் சொன்னேன் சார்."

பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி மேசையில் வைத்தார்.

"நான் விட்டுட்டேன் சார்," என்றார் சேகர். "உங்க மாப்பிள்ளைய வேன்ல ஏத்திட்டுப் போனேனே, அன்னிக்கு. பக்கத்து சீட்டுல நெஞ்சப் புடிச்சிக்கிட்டு, 'சேகரு, மூச்சு வரலடா'ன்னாரு. அன்னிக்கே சிகரெட் பெட்டிய ஜன்னல் வழியா தூக்கிப் போட்டேன். இவனுக்குத் தெரியும். இவன்கிட்டதான் மொதல்ல சொன்னேன்."

ஹரிஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது ரெண்டும் சிவந்திருந்தது. அப்பா அடிப்பார் என்று நினைத்தான் போல, தோளைக் குறுக்கிக்கொண்டான். அவர் அடிக்கவில்லை. முட்டை, ரொட்டிப் பையை எடுத்தார். போகும்போது என்னிடம் ஒன்று சொன்னார், கோபமே இல்லாமல்:

"நீங்க உள்ள இருக்கீங்கன்னுதான் சார் அவன தனியா அனுப்பினேன்."

யாரும் என்னை இதைவிடப் பலமாக அடித்ததில்லை.

தர்ஷினி அவரை வாசலில் நிறுத்தி, பையனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவன்மீதும் சட்டப்படி என்ன நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கிறது என்பதைப் பொறுமையாக விளக்கினாள். பிறகு என்னிடம் வந்து அபராதத் தாளை எழுத உட்கார்ந்தாள். பெயர், ஐசி எண், முகவரி. எனக்குத் தெரிந்த கையெழுத்து, என்றைக்கும் அச்சு மாதிரி இருக்கும். அன்றைக்குக் கோணிக்கொண்டு போனது.

"பிரிவு எண்ண விட்டுட்டியே" என்றேன்.

"சாரி சார்" என்று எழுதினாள். எழுதி முடித்ததும், "சார், நீங்க இங்க சைன் பண்ணணும்" என்றாள். கண் கலங்கியிருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். அவள் தேங்காய்ப்பாலுக்குக் காசு வைத்துவிட்டுப் போனாள். காரில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் கிளம்பினாளாம், பிறகு சொன்னாள்.

அவள் செய்ததை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். வரிசையில் நின்ற மூன்று பேரும் பார்த்திருந்தார்கள். என்னை விட்டிருந்தால் சாயங்காலத்துக்குள் பாயா ரும்புட் முழுக்கத் தெரிந்திருக்கும். பிறகு எந்தக் கடைக்குள் நுழைந்து அவள் அட்டையைக் காட்டுவாள்? இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், யாரையும் கூட்டத்தின் முன் நிறுத்தாமல் அதைச் செய்தாள். பாதி சாத்திய கதவு, ஒரு ஸ்டூல், தாழ்ந்த குரல். இதை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கே தெரியாததை எப்படிச் சொல்லிக் கொடுப்பேன்? அன்று அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு நியாலாஸ் சரசு அக்காவை நினைத்தேன். அவருக்கும் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அந்தப் பையனின் அப்பா யார், அவருக்கு அக்கா என்ன கடமைப்பட்டிருந்தார், மாட்டேன் என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? நான் கேட்கவே இல்லை. படிவத்தில் அதற்கு இடமும் இல்லை.

அன்று மதியம் அடுக்குப் பாத்திரம் வரவில்லை. கடையிலிருந்த பிஸ்கட்டைத் தின்றேன். மறுநாளும் பிஸ்கட் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, ஹரிஷ் பாத்திரத்தோடு வந்து நின்றான்.

"அம்மா குடுத்தாங்க."

வைத்துவிட்டுப் போகாமல் நின்றான். நான்தான் கேட்டேன், "எவ்ளோ நாளா?"

"ரெண்டு மாசம் அங்கிள். எப்பவாவதுதான். ஃபிரண்ட்ஸோட."

"எங்க வாங்குவ?"

"வேற இடத்துல. உங்க கடையில அதான் மொத தடவ."

"அப்புறம் ஏன் இங்க வந்த?"

அவன் தயங்கினான். "பெட் கட்டினோம் அங்கிள். ரோக்கோ புடிக்கிற ஆபீசர்கிட்டயே வாங்கிட்டு வந்தா, அவனுக்கு ஒரு ரொட்டி ஜான்னு."

என் இருபத்தெட்டு வருட அனுபவத்துக்கு அந்த வட்டாரத்துப் பையன்கள் போட்ட விலை, முட்டையும் இறைச்சியும் வைத்துப் பொரித்த ஒரு ரொட்டி ஜான்.

"கெடைச்சுதா?"

"இல்ல அங்கிள். மாட்டிக்கிட்டா கணக்குல சேராதாம்." பிறகு மெதுவாக, "அப்பா என்கூட சரியாப் பேச மாட்டேங்கிறாரு. அவரு மறுபடி புடிக்க ஆரம்பிச்சிடுவாரோன்னு அம்மா பயப்படுறாங்க" என்றான்.

"நீ?"

"நானும்தான்" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான். சேகர் மறுபடி ஆரம்பிக்கவில்லை. ஹரிஷ் முழுதாக விட்டுவிட்டானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. விட்டதாகச் சொல்கிறான். நான் நம்புகிறேன். என் நம்பிக்கையின் லட்சணம் உங்களுக்குத் தெரியும்.

அபராதத்தை என் பழைய அலுவலகத்திலேயே போய்க் கட்டினேன். முகப்பில் இருந்த புதுப் பெண்ணுக்கு என்னைத் தெரியவில்லை. "அங்கிள், சின்னப் பிள்ளைங்களுக்கு விக்கக் கூடாது, தெரியும்தானே? இதப் படிச்சுப் பாருங்க" என்று ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தாள். தமிழ்ப் பகுதி நான் எழுதியது. இரண்டு எழுத்துப் பிழை இருந்தது.

பன்னிரண்டாம் நாள் மாப்பிள்ளை பிழைத்து வீடு வந்தார். அவரைப் படுக்க வைத்துவிட்டு, பிலோமினா கடைக்குள் வந்து உட்கார்ந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு மாதமாக அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

"சரி, நீ எப்படித்தான் சமாளிக்கிற?" என்று கேட்டேன். "உன்கிட்டயும் இதே பிள்ளைங்கதானே வராங்க?"

பாருங்கள், விற்ற கடைக்காரர்களிடம் ஏன் விற்றீர்கள் என்று ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். விற்காதவர்களிடம் எப்படி மறுக்கிறீர்கள் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக அன்றுதான் கேட்டேன். அதுவும் சொந்தத் தங்கையிடம்.

அவள் கொஞ்சம் கூச்சப்பட்டாள். "கோவிச்சுக்காதீங்கண்ணே. நான் உங்களத்தான் சொல்லுவேன்."

"என்னையா?"

"ஆமா. 'எனக்குக் குடுக்க ஆசைதான்டா தம்பி, உன்ன எனக்குத் தெரியாதா? ஆனா எங்கண்ணன் இருக்காரு பாரு, சுகாதாரத்துல, அவரு ஒரு மாதிரி ஆளு. தங்கச்சின்னுகூட பார்க்க மாட்டாரு. கடையையே இழுத்து மூடிடுவாரு'ம்பேன். பிள்ளைங்களும் பாவப்பட்டுப் போயிடுவாங்க. அவங்க அப்பா அம்மாவுக்கும் என்மேல வருத்தம் கெடையாது. எல்லாத் திட்டும் உங்களுக்குத்தான்."

"எத்தனை வருஷமா?"

"கடை தொறந்ததுலேர்ந்து."

அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் ஏன் ஒதுங்கிப் போனார்கள், பெட் கட்ட என்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதெல்லாம் எனக்கு அப்போது புரிந்தது. இன்னொன்றும் புரிந்தது. மறுப்பதற்குக் கடைக்காரர்களுக்கு மனம் இல்லாமல் இல்லை. மறுத்துவிட்டு அதே தெருவில் நாளைக்கும் குடியிருக்க வேண்டும், அதற்குத்தான் வழி தெரியவில்லை. பழியைப் போட வெளியே ஓர் ஆள் வேண்டும். என் தங்கைக்கு நான் இருந்தேன். மேசைக்குப் பின்னால் நான் நின்றபோது எனக்கு அப்படி ஒருவரும் இல்லை.

ஆகவே, தம்பி, தங்கைகளே, அடுத்த முறை ஒரு கடைக்குப் போகும்போது அறிவிப்பை மட்டும் ஒட்டிவிட்டு வராதீர்கள். உங்கள் பெயரைச் சொல்லிவிட்டு வாருங்கள். "யாராவது வற்புறுத்தினா என்னைத் திட்டிடுங்கக்கா" என்று சொல்லுங்கள். உங்களைக் கெட்டவராக்க அவர்களுக்கு அனுமதி கொடுங்கள். சம்பளத்தில் அதுவும் சேர்த்திதான்.

பிலோமினாவுக்கு ஒரு கவலை மட்டும் மிச்சம் இருந்தது. "இப்ப நீங்களே மாட்டிக்கிட்டீங்க. ஊருக்கே தெரிஞ்சு போச்சு. இனி நான் யாரச் சொல்லி மறுக்குறது?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கடைக்குப் போனேன். அவளுக்கு உதவியாகக் கீழ்த்தட்டில் சார்டின் டின்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் வந்து தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டான். பிலோமினா பெருமூச்சு விடுவது கேட்டது.

"குடுத்திருப்பேன்டா தம்பி. ஆனா தர்ஷினின்னு ஒரு மேடம் வந்திருக்கா. எங்கண்ணன் அவளுக்கு வேலை சொல்லிக் குடுத்த வாத்தியாரு. அவரையே விடலடா அவ. என்னை விடுவாளா?"

பையன், "பாவம்லா உங்க அண்ணன்" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் டின்களுக்குப் பின்னாலிருந்து எழுந்திருக்கவில்லை.